இலைக்கு மேல் இரண்டு வரி

வைஜயந்திக்குத் திருடி என்ற பட்டம் கிடைத்தது புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. பதினொன்றரைக்கெல்லாம் அவள் பூனாவின் கோர்படியில், பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் ரங்கராஜனின் ஆபீசில், நனைந்த குடையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவை ஈரமாவதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

ரங்கராஜன் லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் இருபத்திரண்டு வருஷம் போலீஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வாசலில் 'துப்பறிவாளர்' என்று போர்டு. வருகிற கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பாரா என்கிற ரகம். அவருடைய உதவியாளர் பட்டாபிராமன். ஐம்பது வயதிலும் எல்லோருக்கும் பட்டு. கோர்படி ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. படிக்க மட்டும் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா," என்றார் ரங்கராஜன்.

சொன்னாள். விஷ்ராந்த்வாடியில், ஒரு மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறை. 'வைஜயந்தி கிராஃபிக்ஸ்'. ஏழு வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்தது, இந்த 2003-ல் வெப்சைட் வரைக்கும் வந்திருக்கிறது. ஹரிதாங்குர் என்று ஒரு விதைக் கம்பெனி, தங்களுக்கு ஏழு மொழியில் வெப்சைட் வேண்டும் என்று இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தது. வைஜயந்தி ஒருத்தி. சதாசிவ் பேட்டையில் வெப்தாரா என்று கடை போட்டிருக்கும் தாம்லே இன்னொருவன். தாம்லே திங்கட்கிழமையே தன் வேலையைக் காட்டிவிட்டான். வைஜயந்தி இன்று காலை காட்டினாள். முதல் பக்கம் திரையில் வந்ததுமே மேனேஜர் பரஞ்சபே எழுந்து போய், அலமாரியிலிருந்து இரண்டு தாளை எடுத்து வந்து மேஜைமேல் போட்டார். தாம்லே காட்டியதன் பிரிண்ட். ஒன்று ஆங்கிலம், ஒன்று மராட்டி. அதே இலை, அதே விதை, அதே வளைவு.

"மேடம், இதை எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு கேட்டார் சார். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு வரைக்கும் காதுல விழற மாதிரி கேட்டார்."

"அப்புறம்?"

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள என்னோடதுதான்னு நிரூபிக்கணும். இல்லேன்னா ஊர்ல இருக்கற எல்லாக் கம்பெனிக்கும் அவரே போன் பண்ணிச் சொல்லிடுவாராம். சொல்லுவார் சார். சொன்னதைச் செய்யற ஆள்தான். நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

ரங்கராஜன் அவள் கையோடு வாங்கிவந்திருந்த அந்த இரண்டு பிரிண்ட்டையும் பார்த்தார். "லோகோல அப்படி என்ன விசேஷம்? இலை எல்லாரும் போடறதுதானே?"

வைஜயந்திக்கு அந்த நிலையிலும் தொழில்காரியின் ரோஷம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"படம் தனி, எழுத்து தனி சார். கண்ணாடித் தாளை ஒண்ணு மேல ஒண்ணு வெச்ச மாதிரி. நாங்க லேயர்னு சொல்லுவோம். கீழே இலை. மேலே ரெண்டு வரி. ஒண்ணு கம்பெனி பேர், அதுக்குக் கீழ சின்னதா ஒரு வாசகம். நிறைய பேர் எழுத்தை இலையோடயே சேர்த்து வரைஞ்சுடுவாங்க. அப்புறம் பாஷை மாத்தணும்னா முழுக்கத் திரும்ப வரையணும். என்னோடதுல எழுத்தை மட்டும் எடுத்துட்டு வேற பாஷையை வெக்கலாம். இலைக்கு ஒண்ணும் ஆகாது."

"எங்க வீட்லயும் அதே சிஸ்டம்தான் மேடம்," என்றார் பட்டு. "நான் தனி லேயர், சம்பளம் தனி லேயர். சம்பளத்தை மட்டும் அலுங்காம எடுத்துடுவா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

வைஜயந்தி சிரிக்கவில்லை. ஆங்கிலத் தாளைக் காட்டினாள். "இந்தப் பேருக்கு வலது பக்கம் பாருங்க. ரெண்டு விரல் அகலத்துக்கு சும்மா காலி. ஏன் தெரியுமா? இங்கிலீஷ்ல நாலு விரல் பிடிக்கற பேர் தமிழ்ல ஆறு விரல் பிடிக்கும். நான் எப்பவும் தமிழை வெச்சுத்தான் பெட்டிக்கு அளவு எடுப்பேன். தாம்லே எதுக்காகக் காலி விட்டான்? அவனுக்கே தெரியாது."

"காலி இடத்தையும் சேர்த்துத் திருடியிருக்கான்," என்றார் ரங்கராஜன். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு ருசி தெரிந்தது. "உங்ககிட்டேர்ந்து வெளில போன காப்பி எத்தனை?"

"ரெண்டே ரெண்டு சி.டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏத்தினது. ஒண்ணு கௌஷிக், என் டிசைனர். வீட்ல பழைய கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறதுக்கு ஆறு மணிக்கு எடுத்துட்டுப் போனான். இன்னொண்ணு விச்சு. தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்க்கறதுக்கு ஏழரைக்கு எடுத்துட்டுப் போனான்."

ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவில் அவள் ஒரு சின்ன வேலை செய்திருந்தாள். அது வேறு விஷயம். துப்பறிகிறவரிடம் சொல்கிற சமாசாரம் இல்லை.

"ரெண்டு பேர்ல யார் மேல சந்தேகம்?"

"விச்சுவை விட்டுடுங்க சார்," என்றாள் சட்டென்று. "அவன் என் தம்பி மாதிரி. மாதிரி என்ன, தம்பியேதான்."

கும்பகோணத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவன். அவளுடைய முதல் கம்ப்யூட்டரில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தவன் அவன்தான். அவன் கல்யாணத்தில் அக்கா ஸ்தானத்தில் நின்று எல்லாம் செய்தவள் இவள். யார்மேல் வேண்டுமானாலும் கை வைக்கட்டும், அவன்மேல் வைத்தால் இப்போதே எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது அவளுக்கு.

"அப்போ மிச்சம் ஒருத்தர்," என்றார் பட்டு. "கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

*

சாப்பிடப் போகவில்லை. பட்டுவின் மாருதி எண்ணூறில் விஷ்ராந்த்வாடிக்குப் போனார்கள். மில் ஓடிக்கொண்டிருந்ததால் மாடிப்படி அதிர்ந்துகொண்டே இருந்தது. எதைத் தொட்டாலும் விரலில் கோதுமை மாவு.

விச்சு அவளைப் பார்த்ததுமே எழுந்து வந்தான். "என்னக்கா, முகமே செத்துப் போச்சு?" விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு முகம் சிவந்தது. "எவன்க்கா அவன்? வாங்க, நேராப் போய்க் கேட்டுடுவோம்." பிறகு, சொல்லாமலே கீழே இறங்கிப் போய் நாலு பேருக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான். அவளுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல். அதைக் கையில் வாங்கும்போது வைஜயந்திக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

கௌஷிக் மூலையில் நின்றான். இருபத்து மூன்று வயது. பூனாவிலேயே பிறந்தவன், வீட்டில் அப்பா அம்மா தமிழ், இவன் பாதித் தமிழ், பாதி இந்தி.

"கௌஷிக், அந்த வெப்தாரா ஆபீஸ் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ரங்கராஜன்.

"தெரியாது சார்."

"பொய் சொல்றப்போ காலைப் பாக்காதீங்க தம்பி," என்றார் பட்டு. "சீலிங்கைப் பாருங்க. சீலிங் யாரையும் காட்டிக் குடுக்காது."

கௌஷிக் நிமிர்ந்தான். "போன வாரம் இன்டர்வ்யூ குடுத்தேன். அவங்க கூப்பிட்டாங்க. ஜாப் எடுக்கலை சார். சச்சி, எடுக்கலை. மேடம்கிட்ட சொல்ல டர்... பயம் ஆயிடுச்சு."

வைஜயந்திக்குத் தலைக்கேறியது. "உன் பையைத் திற," என்றாள். அப்படி அவள் யாரிடமும் பேசியதில்லை. "இங்கேயே, எல்லார் முன்னாடியும் கொட்டு."

"அக்கா, சின்னப் பையன், விட்டுடுங்க," என்றான் விச்சு. எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

பையிலிருந்து ஒரு டிபன் டப்பா, மழைக்கோட்டு, ஒரு சீப்பு, அந்த சி.டி. எல்லாம் மேஜைமேல் விழுந்தன. டப்பாவைக்கூட அவள் திறந்து பார்த்தாள். கௌஷிக் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவளைப் பார்க்கவில்லை.

ரங்கராஜன் சி.டி.யை கம்ப்யூட்டரில் போடச் சொன்னார். ஒவ்வொரு மொழியாகத் திறந்தார்கள். மராட்டி, இந்தி, குஜராத்தி, தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. தமிழ் வந்தது. ரங்கராஜன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"'பால் ரெண்டு பாக்கெட்.' கீழே, 'தக்காளி, கொத்தமல்லி, அப்புறம் பாத்ரூம் பல்பு.' இது என்னம்மா, விதைக் கம்பெனியா, மளிகைக் கடையா?"

"டம்மி சார்," என்றாள் கூச்சத்தோடு. "தமிழ்ப் பேரை இன்னும் அவங்க முடிவு பண்ணலை. அவங்க தமிழ்நாட்டு ஆள் இருதயராஜ் இன்னிக்குத்தான் கோயம்புத்தூர்லேருந்து கொண்டுவரார். அதுவரைக்கும் பெட்டிக்கு அளவு பாக்க ஏதாவது நீளமா அடிச்சு வெக்கணும். எனக்கு மனசுல என்ன ஓடுதோ அதை அடிச்சுடுவேன். மத்தவங்க யாருக்கும் படிக்கத் தெரியாது. விச்சு மட்டும் படிச்சுட்டுச் சிரிப்பான்."

ஏழு வருஷமாக அப்படித்தான். அவள் 'விச்சு, டீ சொல்லு' என்று அடித்து வைத்தால், அதே இடத்தில் 'சொல்லியாச்சு, பஜ்ஜியும் வருது' என்று அவன் அடித்து வைப்பான். எவன் கல்யாணப் பத்திரிகையிலோ, எந்த மருந்துக் கடை விளம்பரத்திலோ இருவரும் பேசிக்கொண்டு கிடப்பார்கள். வாடிக்கையாளரிடம் போகிறதற்கு முன்னால் அழித்துவிடுவார்கள்.

"இன்னொரு சி.டி.யிலும் இதேதானா?"

வைஜயந்திக்குக் காது சூடாயிற்று. பக்கத்தில் விச்சு நின்றுகொண்டிருந்தான். "டிசைன் எல்லாம் ஒண்ணுதான் சார்."

"நான்தான் திங்கக்கிழமை காலைல திருப்பிக் குடுத்துட்டேனே," என்றான் விச்சு. "தமிழ் முழுக்கப் பார்த்துட்டேன், எல்லாம் சரியா இருக்குன்னு அக்காகிட்ட சொன்னேன்."

சொன்னான்தான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை முழுக்க அவன் முகத்தை முகத்தைப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிற்று. நல்ல நாள் பார்த்துப் பதில் சொல்லுவான்போல, சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

சதாசிவ் பேட்டையில் வெப்தாரா வாசலில் கார் நின்றபோது மணி ஒன்று பத்து. கதவு சாத்தியிருந்தது. மேலே மராட்டியில் பலகை: பிற்பகல் ஒன்று முதல் நான்கு வரை மூடப்பட்டிருக்கும். மணி அடிக்க வேண்டாம். கதவைத் தட்டவும் வேண்டாம்.

"இந்தப் பேட்டைல பட்சணக் கடைக்காரன் மதியம் தூங்கினா புரியறது," என்றார் பட்டு. "உலகம் பூரா ராத்திரி பகலா ஓடற இன்டர்நெட்டையும் ஒரு மணிக்கு இழுத்து மூடிட்டுத் தூங்கறான் பாருங்க. இவன்தான் அசல் பேட்டைக்காரன்."

மூன்று மணி நேரம் போயிற்று என்றால் மிச்சம் ஒரு மணி. எதிர்ச் சந்தில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்தார்கள். பட்டு மிசள் சாப்பிட்டார். அவள் தண்ணீர் டம்ளரைக்கூடத் தள்ளி வைத்தாள்.

ரங்கராஜன் பேப்பர் நாப்கினில் ஏழு கட்டம் போட்டு, ஆறில் டிக் அடித்தார். "இந்த ஆறு பாஷையிலும் பேர் முடிவாயிடுச்சு. தாம்லே அப்படியே எடுத்துப் போட்டுக்கிட்டான். நிறத்தைக் கொஞ்சம் மாத்தினான். சரி. ஏழாவதுல என்ன போட்டிருப்பான்?"

"தமிழ்ப் பேர்தான்," என்றார் பட்டு.

"தமிழ்ப் பேரே இன்னும் பொறக்கலையே!"

வைஜயந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! பரஞ்சபே எனக்குக் காட்டினது இங்கிலீஷும் மராட்டியும்தான். தமிழ்ப் பக்கத்தை நான் பாக்கவே இல்லை. அவர் ஆபீஸ்லயும் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது."

"தாம்லே கடையில?"

"எல்லாம் பேட்டைப் பசங்க. இவங்களுக்கு நம்ம எழுத்து ஜாங்கிரி மாதிரி."

"அப்போ அங்கே பாலும் தக்காளியும் இருக்கணும்," என்றார் ரங்கராஜன் மெதுவாக.

அன்றைக்கு முதல் தடவையாக வைஜயந்தி சிரித்தாள். ஹரிதாங்குரின் கம்பீரமான இலைக்கு மேல் பாத்ரூம் பல்பு! அதை வைத்துக்கொண்டு தாம்லே ஒரு பெரிய கம்பெனியின் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறான். சிரிப்பு அடங்கியதும் கௌஷிக்கின் ஞாபகம் வந்தது. மனசு கசந்தது. வேலை கற்றுக்கொடுத்து, சம்பளம் கொடுத்து, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி... படிக்கத் தெரியாததால்தான் அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறான். விச்சு மாதிரி படிக்கத் தெரிந்தவன் கையில் போயிருந்தால் முதல் வேலையாக அதை அழித்திருப்பான். எந்தத் திருடன் வீட்டுக்காரன் பேர் எழுதின பாத்திரத்தை அப்படியே கொண்டுபோய் விற்பான்?

இதை அவள் வாய்விட்டே சொன்னாள். ரங்கராஜன் மறுக்கவில்லை. "விச்சுவுக்கு போன் போடுங்கம்மா. கௌஷிக்கைக் கூட்டிக்கிட்டு அஞ்சு மணிக்கு ஹரிதாங்குர் ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் வரட்டும்."

நோக்கியாவில் கூப்பிட்டாள். "நான் கூட்டிட்டு வரேன் அக்கா, கவலையே படாதீங்க," என்றான் விச்சு. "நான் இருக்கேன்ல?"

நான்கு மணிக்குக் கதவு திறந்தது. நான்கு ஒன்றுக்குப் பட்டு உள்ளே போனார், சென்னையில் நாலு கிளை உள்ள மசாலாக் கம்பெனி முதலாளியாக. நான்கு இருபத்தைந்துக்கு ஒரு கவரோடு வெளியே வந்தார்.

"என்ன மரியாதை, என்ன மரியாதை! தமிழ்ல பண்ணுவீங்களான்னு கேட்டதும், இதோ சாம்பிள்னு கலர் பிரிண்டே குடுத்துட்டான். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, 'வாஹ் வாஹ், என்ன அழகான தமிழ்'னு பாராட்டிட்டு வந்தேன்."

ரங்கராஜன் முன் சீட்டில் உட்கார்ந்து கவரைப் பிரித்தார். பின்னால் இருந்து வைஜயந்திக்கு இலையின் ஓரம் மட்டும் தெரிந்தது. அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"பால் தக்காளிதானே சார்?"

"வண்டியை எடுய்யா பட்டு."

"சார், பல்பு இருக்கா இல்லையா?"

"அம்மா," என்றார் ரங்கராஜன். திரும்பிப் பார்க்காமலே பேசினார். "நீங்க ஜெயிச்சாச்சு. அது போதும்னா இந்தத் தாளை நான் பரஞ்சபேகிட்ட மட்டும் தனியாக் காட்டிட்டு வந்துடறேன். யார் குடுத்தாங்கன்னு நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம்."

"தெரியாம என்ன? எல்லார் முன்னாடியும் படிக்கட்டும் சார். காலைல எனக்கு எல்லார் முன்னாடியும்தானே நடந்தது?"

பட்டு வண்டியை லகடி பூல் பாலத்தின் பக்கம் திருப்பினார்.

*

ஹரிதாங்குர் ஆபீசின் நீள மேஜைக்கு ஒரு பக்கம் பரஞ்சபே. அவர் பக்கத்தில், ரயில் களைப்போடு, கையில் ஒரு கவருடன் இருதயராஜ். எதிரே, பரஞ்சபே வரச் சொல்லியிருந்த தாம்லே, வெற்றி பெற்றவன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மசாலா முதலாளி உள்ளே நுழைவதைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்தான். சுவரோரமாக கௌஷிக், பையை மார்போடு அணைத்துக்கொண்டு. அவன் தோளில் கை போட்டபடி விச்சு.

ரங்கராஜன் இந்தியில் ஆரம்பித்தார். "தாம்லே சாஹேப், இந்த டிசைன் உங்களோடதா?"

"நூறு பர்சென்ட். ஒவ்வொரு எழுத்தும் எங்க ஆபீஸ்ல பண்ணினது."

"தமிழும்?"

"தமிழும். எக்ஸ்பர்ட் வெச்சுச் சரிபார்த்தது."

"தமிழ்ல என்ன எழுதியிருக்கு?"

"வேற என்ன? 'ஹரிதாங்குர் விதைகள்.' கீழே, 'மண்ணை நம்பு, எங்களை நம்பு.' எல்லா பாஷையிலும் அதுதானே?"

ரங்கராஜன் சட்டைப்பைப் பித்தானைக் கழற்றித் தாளை எடுத்து, பரஞ்சபேயைத் தாண்டி, இருதயராஜிடம் நீட்டினார். "சார், உரக்கப் படியுங்க."

இருதயராஜ் இருபது வருஷம் சந்தைகளில் விதை விற்ற மனிதர். அவருக்குத் தாழ்ந்த குரல் கிடையாது. தாளைப் பிரித்தார். புருவம் சுருங்கியது.

"இது கம்பெனி பேர் இல்லீங்களே. மேல பெருசா, 'வைஜயந்தி – விச்சு கிராஃபிக்ஸ்'னு போட்டிருக்குதுங்க. கீழ, 'விச்சு, அடுத்த மாசத்துலேருந்து நம்ம போர்டு இதுதான். படிச்சதும் போன் பண்ணுடா.' அவ்வளவுதானுங்க."

வைஜயந்திக்கு அந்த அறை சட்டென்று வெகு தூரம் தள்ளிப் போன மாதிரி இருந்தது.

பால் இல்லை. தக்காளி இல்லை. கௌஷிக் கிளம்பிப் போனபிறகு, மாடியில் தனியாக உட்கார்ந்து, பால் கணக்கை அழித்துவிட்டு அவள் ஆசை ஆசையாக அடித்த இரண்டு வரி. ஒரே ஒரு சி.டி.யில் ஏற்றியது. ஒரே ஒருவன் கண்ணில் படுவதற்காக ஏற்றியது.

பரஞ்சபே மராட்டியில் கேட்டார்: "விச்சு என்றால் யார்?"

யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாம்லே நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, சுவரோரம் பார்த்து மராட்டியில் கத்திவிட்டான். "தமிழை நானே சரிபார்த்துட்டேன், ஒரு எழுத்து மாத்த வேண்டாம்னு நீதானே சொன்னே?"

கௌஷிக்கின் தோளில் இருந்த கை மெதுவாக இறங்கியது.



பரஞ்சபே காலையில் பேசிய அதே குரலில் தாம்லேயிடம் கதவைக் காட்டினார். ரிசப்ஷன் பெண் வரைக்கும் காதில் விழுந்திருக்கும். பிறகு அவர் எழுந்து வந்து வைஜயந்தியிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். வேலை அவளுக்குத்தான் என்றார். அவள் தலையை ஆட்டினாள். அந்த ஐந்து மணிக்காகத்தான் நாள் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வந்ததும் அது யாருக்கோ வந்த மாதிரி இருந்தது.

விச்சு அவள் முன்னால் வந்து நின்றான்.

"தாம்லே தன் போர்டுல என் பேரைப் போடறேன்னான் அக்கா," என்றான். "ஏழு வருஷமா எங்க போனாலும் வைஜயந்தி மேடத்தோட ஆளான்னுதான் கேக்கறாங்க. என் மாமனார்கூட அப்படித்தான் கேட்டார். நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ்லேருந்து நேரா அவன்கிட்டதான் போனேன். ஆபீஸ்லயே பலதடவை பார்த்த பக்கம்தானே, புதுசா என்ன இருக்கப்போவுதுன்னு... நான் திறக்கவே இல்லை அக்கா."

"பாத்துட்டேன், எல்லாம் சரின்னு சொன்னியேடா."

"ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா..."

"பார்த்திருந்தா?" வைஜயந்தி அவன் கண்ணையே பார்த்தாள். ஏழு வருஷம் பார்த்த கண். "பார்த்திருந்தா குடுத்திருக்க மாட்டியா? இல்லை, அழிச்சுட்டுக் குடுத்திருப்பியா?"

அவள் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள், அவன் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். விச்சு மழைக்கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே போய்விட்டான்.

கௌஷிக் இன்னும் சுவரோரம்தான் நின்றுகொண்டிருந்தான்.

"கௌஷிக், நான் காலைல..."

"நீங்க என் டப்பாவையும் திறந்து பாத்தீங்க மேடம்," என்றான் அவன், தேடித் தேடி எடுத்த தமிழில். கோபமாகச் சொல்லவில்லை. "நாளைக்கு வரேன். அதுக்கு அப்புறம் தெரியலை." பையை மாட்டிக்கொண்டு அவனும் போனான். போகாதே என்று சொல்வதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இருதயராஜ் தொண்டையைச் செருமினார். நடந்தது பாதி புரிந்து பாதி புரியாமல், கையிலிருந்த கவரைச் சங்கடத்தோடு நீட்டினார். "அம்மா, தமிழ்ப் பேரு எழுதிக் கொண்டாந்திருக்கேனுங்க. ராத்திரி ரயில்ல திரும்பணும். இப்பவே அதுல ஒருக்கா போட்டுக் காட்டினீங்கன்னா..."

வைஜயந்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து விச்சு திருப்பிக் கொடுத்த சி.டி.யை எடுத்துப் போட்டாள். ஒரு கீறல்கூட இல்லாத சி.டி. தமிழைத் திறந்தாள். இலை வந்தது. இலைக்கு மேல் இரண்டு வரி வந்தது. வெள்ளிக்கிழமை அதை அடித்துவிட்டு, எழுத்தை ஒரு நூல் இடது பக்கம், ஒரு நூல் வலது பக்கம் என்று நகர்த்தி நகர்த்தி அழகு பார்த்தது ஞாபகம் வந்தது.

மேல் வரியைத் தேர்ந்து அழித்தாள். கீழ் வரியையும் அழித்தாள். இருதயராஜின் தாளைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பெட்டிக்குள் பேர் கச்சிதமாக உட்கார்ந்தது. இருதயராஜ், "அட, அருமைங்க!" என்றார்.

பட்டு அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். எதையாவது சொல்லி அவளைத் தேற்ற வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீங்க காலைல சொன்னது சரிதான் மேடம். எழுத்தை எடுத்தாலும் இலைக்கு ஒண்ணும் ஆகலை."

"ஆமா," என்றாள் வைஜயந்தி, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இலைக்கு ஆகலை."